தாத்தா எழுதிய ‘உயிர் காலேஜ்’ எது? பையனோடு வண்டலூர் போகிறேன், யோசனை சொல்லுங்கள்

அரசலாற்றங்கரை (கும்பகோணம்)

எல்லோருக்கும் வணக்கம். தாத்தா போன ஆடியில் தவறிவிட்டார். அவருடைய தகரப் பெட்டியை ஒழித்தபோது ஒரு கணக்கு நோட்டு கிடைத்தது. 1958-ல் பட்டணம் போய்வந்த செலவை அதில் எழுதி வைத்திருக்கிறார். “எழும்பூர், உயிர் காலேஜ், மூர் மார்க்கெட், காப்பி, ஆக ரூ. 3.40.” உயிர் காலேஜ் என்றால் என்னவென்று அம்மாவுக்கும் தெரியவில்லை. ஏதோ வைத்தியக் கல்லூரியாக இருக்கும் என்கிறார். அந்த வரிக்குப் பக்கத்திலேயே தாத்தா பென்சிலால் ஒரு ஒட்டகம் வரைந்திருக்கிறார், அதனால் எனக்குச் சந்தேகம்.

இரண்டாவது விஷயம். என் பையனுக்கு எட்டு வயது. நோட்டு முழுக்க மிருகங்களைத்தான் வரைவான். பரீட்சை முடிந்ததும் வண்டலூருக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். ஒருநாளில் எதை விடாமல் பார்க்க வேண்டும்? கும்பகோணத்திலிருந்து எப்படிப் போனால் அலைச்சல் குறைவு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தாம்பரம்வாசி (சொந்த ஊர் பாபநாசம்)

வழியை மட்டும் சொல்லிவிடுகிறேன் அக்கா. பஸ் என்றால் இப்போது கிளாம்பாக்கத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து வண்டலூர் பூங்கா பக்கம்தான். ரயில் என்றால் தாம்பரத்தில் இறங்கி, செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலில் ஏறுங்கள், இரண்டாவது ஸ்டேஷன் வண்டலூர். செவ்வாய்க்கிழமை விடுமுறை, அன்றைக்குப் போய் நின்றுவிடாதீர்கள். உள்ளே நிறைய நடக்க வேண்டும். பையன் கால் வலிக்கிறது என்றால் பேட்டரி வண்டி இருக்கிறது. உயிர் காலேஜ் பற்றி எனக்குத் தெரியாது, பெரியவர்கள் யாராவது வருவார்கள்.

மாட்டாஸ்பத்திரிக்காரன் (அணைக்கரைப் பக்கம்)

அம்மா, உங்கள் தாத்தா ஒட்டகம் வரைந்தது சரிதான். உயிர் காலேஜ் என்பது மிருகக்காட்சி சாலை. எழும்பூர் மியூசியத்துக்குச் செத்த காலேஜ் என்று பெயர். பாடம் பண்ணிய பிராணியும் எலும்புக்கூடும் இருந்தால் செத்த காலேஜ், மூச்சு விடும் பிராணி இருந்தால் உயிர் காலேஜ். பட்டணத்து ஜனங்கள் வைத்த பெயர். நம் பக்கத்திலிருந்து போனவர்களும் அப்படியே சொன்னார்கள், என் அப்பா உட்பட.

இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். மியூசியத்தை 1851-ல் தொடங்கியபோது அதற்குப் பொறுப்பாக இருந்தவர் எட்வர்டு பால்ஃபோர் என்கிற டாக்டர். அங்கே உயிரோடு வைத்திருந்த புலியைப் பார்க்க ஜனங்கள் திரளாக வருவதைக் கவனித்தார். கர்நாடக நவாபிடம், அதாவது ஆற்காட்டு நவாபிடம் பேசி, அவர் வளர்த்த விலங்குகளையும் வாங்கிச் சேர்த்தார். சீக்கிரமே 300-க்கு மேல் பிராணிகள் ஆகிவிட்டன, மியூசியத்தில் இடம் போதவில்லை. 1860-களில் அவற்றைப் பட்டண நிர்வாகத்திடம் ஒப்படைத்து, சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு அருகே பீப்பிள்ஸ் பார்க்கில் ஒரு பக்கமாக இடம் கொடுத்தார்கள். அந்தப் பார்க் மொத்தம் 116 ஏக்கர். நம் கணக்கில் 17 வேலி சொச்சம். அதன் ஒரு மூலையில்தான் இத்தனையும். மூர் மார்க்கெட் பிற்பாடு, 1900-ல், பக்கத்தில் வந்தது. உங்கள் தாத்தா நோட்டில் இரண்டும் அடுத்தடுத்து வருவது அதனால்தான்.

இந்தப் பெருமையில் பட்டணத்துக்கு முன்பே நம் தஞ்சாவூருக்குப் பங்கு உண்டு. இரண்டாம் சரபோஜி அரண்மனை வளாகத்திலேயே விலங்குகளை வைத்து வளர்த்தார். அவருடைய காலம் 1832-ஓடு முடிகிறது. யானை, குதிரை இவற்றின் இலக்கணமும் வைத்தியமும் சொல்லும் சுவடிகள் படங்களோடு சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. வேலையில் சேர்ந்த புதிதில் அவற்றைப் பற்றிக் கேள்விப்பட்டு தஞ்சாவூர் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு குதிரைப் படத்தைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றேன். பையனை அங்கேயும் அழைத்துப் போங்கள். வரைகிற கை, அதைப் பார்க்க வேண்டும்.

சரி, நான் பார்த்த உயிர் காலேஜைச் சொல்கிறேன். 1971, கோடை விடுமுறை, எனக்கு ஒன்பது வயது. அப்பா ஒரு நில வழக்குக்காக ஐகோர்ட்டு போனார், என்னையும் கூட்டிப்போனார். மீட்டர் கேஜ் ரயிலில் ராத்திரி முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து, கரி படிந்த முகத்தோடு எழும்பூரில் இறங்கினோம். வக்கீல் மத்தியானம் வரச்சொன்னதால் காலையில் உயிர் காலேஜ்.

எனக்குப் பிராணிகள் புதிதல்ல. கொள்ளிடத்துக் கரையில் பிறந்தவன். ஆற்று மணலில் முதலை வாயைத் திறந்துகொண்டு வெயில் காய்வதைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் முதலை உண்டு. ஊருக்குள் வந்துவிட்டால் வனத்துறையினர் பிடித்துக்கொண்டுபோய் சிதம்பரம் பக்கம் வக்காரமாரி ஏரியில் விடுவார்கள். அன்றைக்கும் முதலில் முதலையைத்தான் தேடினேன். அதைப் பார்த்துவிட்டு நகர்ந்தால் புலிக்கூண்டு. கம்பி, சிமெண்டுத் தரை, ஒரு தொட்டித் தண்ணீர். புலி கம்பியோரமாக நடந்தது. சுவர் வந்ததும் திரும்பியது. மறுபடி நடந்தது. திரும்புகிற இடத்தில் தரை தேய்ந்து வழவழப்பாக இருந்தது. நான் அடிகளை எண்ணினேன். எத்தனை முறை எண்ணினாலும் ஒரே எண்ணிக்கை. கூட்டத்தில் ஒருவர் “பாரு, ராஜநடை” என்றார். எனக்கு அது ராஜநடையாகத் தெரியவில்லை. ஏன் என்று சொல்லவும் தெரியவில்லை. அப்பா கையை இழுத்துக்கொண்டு போகும்வரை நின்றேன்.

பிற்பாடு கால்நடைத் துறையில் பயிற்சிக்குப் போனபோதுதான் புரிந்தது. நாள் முழுக்கக் கட்டுத்தறியில் குட்டைக் கயிற்றில் நிற்கும் மாடு சில சமயம் நாக்கை வெளியே விட்டுச் சுழற்றிக்கொண்டே இருக்கும், பார்த்திருப்பீர்கள். கோயில் யானை நின்ற இடத்திலேயே இடமும் வலமும் ஆடும். தாளம் போடுகிறது என்று நாம் கைதட்டுவோம். அது தாளம் இல்லை அம்மா. நடக்க வேண்டிய உடம்புக்கு நடக்க இடமில்லை, தேட வேண்டிய வாய்க்குத் தேட ஒன்றுமில்லை. அந்த வேகம் இப்படி ஒரே அசைவாகத் திரும்பத் திரும்ப வெளியே வரும். அந்தப் புலி செய்ததும் அதுதான். 31 வருஷம் மாட்டாஸ்பத்திரியில் இருந்தேன். மாட்டைக் கொண்டுவருகிறவரிடம் முதலில் கயிறு எவ்வளவு நீளம் என்று கேட்கிற பழக்கம் எனக்கு அங்கிருந்து வந்தது.

பட்டணத்து நெரிசல், வண்டிச் சத்தம், புகை, இவற்றுக்கு நடுவே இனி விரிவாக்க முடியாது என்று 1970-களில் இடம் மாற்ற முடிவெடுத்தார்கள். 1979-ல் வண்டலூர் காப்புக் காட்டில் 1,265 ஏக்கர் ஒதுக்கினார்கள். ஏறக்குறைய 190 வேலி! 1985 ஜூலை 24-ல் எம்.ஜி.ஆர். திறந்துவைத்தார். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா என்று பெயர். மூர் மார்க்கெட் எரிந்துபோனதும் அதே 1985-ல்தான். உங்கள் தாத்தா நோட்டில் உள்ள இரண்டு இடங்களும் ஒரே வருஷத்தில் இல்லாமல் போய்விட்டன.

வண்டலூரில் கம்பிக்குப் பதிலாக அகழி. நம் பக்கம் சுவர் செங்குத்தாக இறங்கும், பிராணியின் பக்கம் தரை சரிந்து இறங்கும். அது இறங்கி வரலாம், இந்தப் பக்கம் ஏற முடியாது. நமக்கும் புலிக்கும் நடுவே ஒன்றுமே இல்லாதது போலத் தெரியும். உள்ளே மரம், புதர், குட்டை எல்லாம் இருக்கும். பொழுது சாய்ந்தால் பின்னால் உள்ள இரவுக் கொட்டகைக்குள் போய்விடும்.

இதில் ஒரு சிரமம் உண்டு, பையனிடம் முன்பே சொல்லிவிடுங்கள். புலி புதருக்குள் படுத்துவிட்டால் தெரியாது. நான் பேரப்பிள்ளைகளோடு போனபோது ஒரு குடும்பம் வந்து, “ஒன்றும் இல்லை” என்று கால் நிமிஷத்தில் போனது. இன்னொருவர் கல் தேடினார், எழுப்பிவிடுவதற்காம். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். நாங்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். இருபது நிமிஷம் கழித்து மூங்கிலுக்குப் பின்னால் ஒரு காது அசைந்தது, பேத்திதான் முதலில் பார்த்தாள். பிறகு எழுந்து, சோம்பல் முறித்து, வளைந்து வளைந்து தண்ணீருக்குப் போனது. நேர்கோட்டில் நடக்கவில்லை. 1971-ல் எனக்குச் சொல்லத் தெரியாமல் இருந்தது அன்றைக்குத் தெளிவாயிற்று. அதனால் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடாதீர்கள். ஐந்தாறு இடம் போதும். ஒவ்வோர் இடத்திலும் உட்காருங்கள்.

சிங்கவால் குரங்கை விட்டுவிடாதீர்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் காட்டில் கிடையாது. முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, வால் நுனியில் குஞ்சம். பையன் வரைய ஏற்றது. காட்டுமாட்டையும் பாருங்கள், நான்கு காலிலும் வெள்ளைக் காலுறை போட்டது போல இருக்கும். இரவுப் பிராணிகள் இல்லத்தில் பகலிலேயே இருட்டாக்கி வைத்திருப்பார்கள். வெயிலிலிருந்து நேரே நுழைந்தால் ஒன்றும் தெரியாது. ஓரமாக நின்று கண் பழகட்டும், அப்புறம் நடங்கள். உள்ளே ஓட்டேரி ஏரி இருக்கிறது. அங்கே வரும் பறவைகளை யாரும் அடைத்து வைக்கவில்லை, தாமாக வருகின்றன.

வெள்ளைப்புலி முன்னால் பெரிய கூட்டம் நிற்கும். அது தனி இனம் என்று நினைத்துவிடாதீர்கள். நம் வங்கப்புலிதான், நிறம் மட்டும் மாறியது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அந்தக் குணம் வந்தால்தான் வெள்ளையாகப் பிறக்கும். இன்றைக்குக் காட்சி சாலைகளில் உள்ள வெள்ளைப்புலிகளில் பெரும்பாலானவை, 1951-ல் ரேவாக் காட்டில் பிடிபட்ட மோகன் என்கிற ஒரே ஆண்புலியின் வழி வந்தவை. நிறத்துக்காக மகளோடும் பேத்தியோடும் சேர்த்தே பெருக்கினார்கள். சினை ஊசி போடும்போது, ஒரே காளையின் வழியில் மறுபடி போட்டுவிடக் கூடாது என்று நாங்கள் ரிஜிஸ்தரைப் புரட்டிப் பார்ப்போம். அதனால் அந்த அழகைப் பார்த்தாலும் எனக்குள் ஒரு வருத்தம் வரும்.

2021 ஜூனில் கொரோனா சிங்கங்களுக்கும் வந்தது நினைவிருக்கிறதா? ஒன்பது வயதுப் பெண் சிங்கம் நீலா அதில் இறந்தது. எங்கே வலிக்கிறது என்று சொல்லாத உயிருக்கு மருந்து கொடுப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு வாரம் அங்கிருந்த மருத்துவர்களையும் பராமரிப்பாளர்களையும் நினைத்துக்கொண்டே இருந்தேன். போகும்போது ஒரு பராமரிப்பாளரிடமாவது பையனைப் பேசவிடுங்கள். எந்தப் பிராணி எதைத் தின்னும், எதற்கு முறைக்கும் என்பதெல்லாம் அவர்கள் சொன்னால்தான் உண்டு.

உப்பளக்காற்று (வேதாரண்யம்)

ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். அக்கா, வண்டலூர் போய் வந்த பிறகு ஒருநாள் எங்கள் கோடியக்கரைக்கும் வாருங்கள். 1967-லிருந்து சரணாலயம். வெளிமான் இங்கே திறந்த புல்வெளியில் கூட்டமாக மேயும். ஆண் மானுக்கு முறுக்கிய கொம்பு, முதுகு கருத்திருக்கும், வயிறும் கண்ணைச் சுற்றியும் வெள்ளை. மட்டக்குதிரைகளும் திரியும். கார்த்திகை, மார்கழியில் வந்தால் சதுப்பில் பூநாரை பார்க்கலாம்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எத்தனையோ மான்கள் செத்துக் கரை ஒதுங்கின. மரமெல்லாம் படுத்துவிட்டது. எங்கள் வீட்டு ஓடு போனதைவிட அந்தக் கரையைப் பார்த்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. அடுத்த மழைக்குப் பிறகு புல்லில் குட்டியோடு ஒரு மானைப் பார்த்தேன், சைக்கிளை நிறுத்திவிட்டு அழுதேன்.

தாம்பரம்வாசி

அணைக்கரை ஐயா, வண்டலூருக்குப் பக்கத்திலேயே குடியிருந்தும் இதெல்லாம் எனக்குத் தெரியாது. அக்கா, தொலைவு வேண்டாம் என்றால் ஸ்ரீரங்கம் மேலூரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே 25 ஏக்கர். காலையில் கிளம்பினால் சாயங்காலம் வீடு வந்துவிடலாம்.

அரசலாற்றங்கரை (கும்பகோணம்)

எல்லோருக்கும் நன்றி. ஐயா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கும் பையனுக்கும் சத்தமாகப் படித்துக்காட்டினேன். அம்மா தாத்தாவின் நோட்டை வாங்கி அந்த ஒட்டகத்தைத் தடவிப் பார்த்தார். புதன்கிழமை போவதாக முடிவு செய்திருக்கிறோம். சிங்கவால் குரங்குக்கும் புலிக்கும் மட்டும் ஒரு பொழுது ஒதுக்குகிறோம், மற்றது கிடைத்தவரை. பையன் உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னான். கூண்டில் அந்தப் புலி எத்தனை அடி நடந்து திரும்பியது?

மாட்டாஸ்பத்திரிக்காரன்

ஐந்து அடி, தம்பி. ஐந்தாவது வைக்கும்போது மீசை சுவரில் படும்.