ட்ரெயின் போல்ட் தலை உருண்டுவிட்டது: உளியா, வெல்டிங்கா?

யீஷூன் வேவ்: வண்டி ஹோண்டா வேவ் 125 மோட்டார் சைக்கிள், பழைய கார்புரேட்டர் மாடல். ஆயில் மாற்ற உட்கார்ந்தால், பழைய ஆயிலை வடிக்க எஞ்சின் அடியில் இருக்கும் 17 மி.மீ. ட்ரெயின் போல்ட் அசையவே இல்லை. கையில் இருந்தது பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனர். காலால் மிதித்தேன், வழுக்கியது. இப்போது தலை கிட்டத்தட்ட வட்டம். போன தடவை ஒரு கடையில் காற்றழுத்தத்தில் முடுக்கும் ஏர் கன் வைத்து முடுக்கினார்கள். இரண்டு நாளாக, துருவை இளக்கும் பெனட்ரேட்டிங் ஆயில் அடித்துப் பார்க்கிறேன், பலனில்லை. உளி வைத்து அடிக்கலாமா, கடைக்குத் தள்ளிப் போய் மேலே நட் வெல்டு பண்ணலாமா?

பழைய ஃபிட்டர்: உளிதான் தம்பி. கப்பல் பட்டறையில் இருபது வருஷம் இதே வேலை. முதலில் தலையின் ஓரத்தில் நேராக ஒரு வெட்டு. அப்புறம் உளியைச் சாய்த்து, கழலும் திசையில் தட்டு. ஸ்பேனர் இழுப்புக்கு வராதது சுத்தியலின் அதிர்வுக்கு வரும்.

காக்கி புக்கிட் பையன்: அண்ணே, கப்பல் எஞ்சின் வார்ப்பிரும்பு. இது அலுமினியம். உளி ஒரு தடவை நழுவினால் கேஸில் (எஞ்சின் கூடான கிராங்க்கேஸில்) விரிசல். போல்ட் போனால் சில வெள்ளி. கிராங்க்கேஸ் போனால் எஞ்சினையே இறக்கிப் பிளக்க வேண்டும். உருண்ட தலை மேல் ஒரு நட்டை வைத்து, அதன் ஓட்டைக்குள் வெல்டு பண்ணுங்கள். புதுத் தலையும் கிடைக்கும், சூட்டில் பிடிப்பும் விடும். பேட்டரியைக் கழற்றிவிட்டுச் செய்ய வேண்டும்.

பழைய ஃபிட்டர்: அந்தப் போல்ட்டுக்குப் பின்னால் முக்கால் லிட்டர் ஆயில் நிற்கிறது. அதன் மேல் வெல்டிங்கா? நல்ல யோசனை!

காக்கி புக்கிட் பையன்: ஆயில் ஊற்றும் துளை வழியாக, பெரிய சிரிஞ்சில் டியூப் மாட்டி முதலில் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். அதைச் சொல்ல மறந்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன்.

தேக்கா ரைடர்: உறிஞ்ச முடியும் என்றால் போல்ட்டை ஏன் கழற்ற வேண்டும்? ஒவ்வொரு முறையும் மேலேயே உறிஞ்சிவிட்டுப் போகலாமே.

காக்கி புக்கிட் பையன்: அடியில் படியும் கசடும் உலோகத் துகளும் உறிஞ்சினால் முழுசாக வராது. வேவில் பேப்பர் ஃபில்டரும் கிடையாது, வலைச் சல்லடையும் சுழல் வடிகட்டியும்தான். ஒரு தடவைக்குச் சமாளிக்கலாம், அதையே வழக்கமாக்க வேண்டாம்.

தோ பாயோ மாமா: சண்டையை நிறுத்துங்கள், இரண்டு கேள்வி. தம்பி, போல்ட்டுக்கு நேராக முகத்தை வைத்துத்தான் இடப்பக்கம் திருப்பினீர்களா? மேலிருந்து குனிந்து திருப்பினால் திசை மாறிவிடும், நாமே இன்னும் முடுக்குவோம். நான் செய்திருக்கிறேன். இரண்டாவது, பெனட்ரேட்டிங் ஆயில் எதற்கு? அந்த மரை உள்ளே எப்போதும் ஆயிலில் குளித்துக்கொண்டுதான் இருக்கிறது. அங்கே துரு இல்லை, முரட்டு முடுக்குதான். எஞ்சினைச் சூடாக்குங்கள். அதே சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், பிடி தளரும். உள்ளே சுருள் பல் இருக்கும் எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட் ஜாலான் புசார் ஹார்டுவேர் கடைகளில் கேட்டுப் பாருங்கள். உளியும் வெல்டிங்கும் அதற்கப்புறம்.

யீஷூன் வேவ்: மாமா, முதல் கேள்விக்குப் பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

யீஷூன் வேவ் (சனிக்கிழமை): வந்துவிட்டது! ஐந்து நிமிடம் ஓட்டி, ஆயிலை உறிஞ்சி, நண்பன் வண்டியைச் சாய்த்துப் பிடிக்க, சாக்கெட்டைத் தலைமேல் சுத்தியலால் இறக்கினேன். நீளக் கம்பியில் ஒரே இழுப்பு. ‘டக்’ என்ற சத்தத்தில் கேஸ் உடைந்ததோ என்று பயந்துவிட்டேன். வெளியே வந்தபோது வாஷர் ஒன்றல்ல, இரண்டு. பழையதை எடுக்காமல் அதன் மேலேயே புதிதைப் போட்டு முடுக்கியிருக்கிறார்கள். மரைக்கு ஒன்றும் ஆகவில்லை. புது போல்ட், ஒரே வாஷர், முடுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில் 24 நியூட்டன் மீட்டர்.

பழைய ஃபிட்டர்: ஆக, சுத்தியல் இல்லாமல் வரவில்லை.

காக்கி புக்கிட் பையன்: சாக்கெட்டைத்தானே அண்ணே அடித்தார், எஞ்சினை இல்லையே.