16 மணி நேரம் வகுப்பு, மிச்ச நேரத்தில் ஆராய்ச்சி

தாம்பரம் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் 2018 விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு. கேட்க அளவாகத்தான் இருக்கும். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து, இன்டர்னல் மார்க், கல்லூரிக்குத் தரம் போடும் நாக் குழு வருகிறதென்றால் ஃபைல் அடுக்குவது, அட்மிஷன் சமயத்தில் ஆள் பிடிக்க அலைவது, இதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. ஆராய்ச்சிக்குக் கிடைப்பது சனிக்கிழமை மத்தியானம். மூலக்கூறின் அமைப்பைக் கண்டறியும் என்எம்ஆர் கருவியும் எங்களிடம் கிடையாது; சாம்பிளை ஐஐடி வளாகத்தில் வெளியாருக்கும் சோதித்துத் தரும் சைஃப் மையத்தில் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

இந்த லட்சணத்தில் வேறொரு கல்லூரிக்கு இணைப் பேராசிரியர் நேர்காணலுக்குப் போனேன். அந்தப் பதவிக்கு அதே விதி குறைந்தது 7 கட்டுரையும் 75 ஆராய்ச்சி மதிப்பெண்ணும் கேட்கிறது. "பேப்பர் எத்தனை? ஸ்கோப்பஸா?" ஸ்கோப்பஸ் என்கிற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் இருக்கும் ஜர்னலா என்று அர்த்தம். இவ்வளவுதான் கேள்வி. ஸ்டீரியோகெமிஸ்ட்ரியை எப்படி நடத்துவீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. வெளியே பக்கத்து நாற்காலிக்காரர் ரொம்ப அக்கறையாக, "மேடம், காசு கட்டினா ஒரே வாரத்துல போட்டுத் தர்ற ஜர்னல் இருக்கு, நம்பர் தரட்டுமா?" என்றார். அந்த மாதிரி ஜர்னல்களை வடிகட்டத்தான் 2019-ல் யூஜிசி கேர் பட்டியல் வந்தது. 2025-ல் அதையும் கைவிட்டார்கள்.

ஆராய்ச்சி செய்பவருக்குப் பாடம் நடத்த வராது என்று ஸ்டாஃப் ரூமில் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. லயோலாவில் கணித ஆராய்ச்சியாளரான பாதிரியார் ரசீன் நடத்திய வகுப்பில் உட்கார்ந்தவர்கள்தான் பின்னாளில் பெரிய கணித அறிஞர்களான சி.எஸ். சேஷாத்ரியும் எம்.எஸ். நரசிம்மனும். இப்போது சிறுசேரியில் இருக்கும், சேஷாத்ரி தொடங்கிய சிஎம்ஐ என்கிற கணித நிறுவனத்தில் 1998 முதல் ஆராய்ச்சியாளர்களே பி.எஸ்சி. மாணவர்களுக்கும் வகுப்பெடுக்கிறார்கள். சரி, அங்கே வகுப்பில் ஆள் குறைவு. எங்கள் லேபில் ஒரு ப்யூரெட்டுக்கு மூன்று பேர்.

இருந்தாலும் போன வருஷம் மூன்றாம் ஆண்டு ப்ராஜெக்டுக்கு அவரவர் வீட்டு போர் தண்ணீரைக் கொண்டுவரச் சொன்னேன். பல்லாவரம், மேடவாக்கம், செம்பாக்கம் என்று பாட்டில் பாட்டிலாக வந்தது. இடிடிஏ கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் டைட்ரேஷனில் தண்ணீரின் கடினத்தன்மை பார்த்தோம். மழைக்கு முன்னும் பின்னும் பார்க்கலாமே என்று ஒரு பெண் கேட்டாள். அது என் திட்டத்திலேயே இல்லை. டிசம்பரில் யாரும் சொல்லாமலே மறுபடி பாட்டில்கள் வந்தன.

துறைத் தலைவருக்கும் பிடித்திருந்தது. "இதை ஸ்கோர் டேபிள்ல எந்தக் கட்டத்துல போடுவீங்க?" என்று மட்டும் கேட்டார். யூஜிசியின் ஆராய்ச்சி மதிப்பெண் அட்டவணையை எடுத்துப் பார்த்தோம். பிஎச்.டி. முடிக்க வைத்தால் 10, எம்.எஸ்சி. ஆய்வேட்டுக்கு 2. பி.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு வரியே இல்லை. வரும் ஜூனில் எம்.எஸ்சி. பிள்ளைகளிடம் பாட்டிலைக் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.