பீமன் வட்டு எறிந்தவர்

தூர்தர்ஷன் மகாபாரதத்தில் பீமனாக நடித்தவரை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் என் பள்ளி நாட்களைப் பற்றிப் பேசினால் அவர் வந்துவிடுவார்.

1989-ல் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு காலையில் பாதித் தெரு எதிர்வீட்டில் கூடி தூர்தர்ஷனில் மகாபாரதம் பார்க்கும். இந்தி ஒரு வார்த்தை புரியாது. பீமன் கதாயுதத்தோடு வந்து நின்றால் போதும், யாருக்கும் மொழி தேவைப்படாது. அப்போது பள்ளி அணிக்காக வட்டு எறியப் பழகிக்கொண்டிருந்தேன். எவ்வளவு முக்கினாலும் வட்டு ஓரமாகச் சாய்ந்து விழும். ஒருநாள் பி.இ.டி. சார் கூப்பிட்டார். "டேய், பீமனைப் பாக்குறியே, அவரு யாரு தெரியுமா? ஏசியன் கேம்ஸ்ல வட்டு எறிஞ்சு ரெண்டு தடவ தங்கம் வாங்கினவரு!"

நான் நம்பவில்லை. ஆனால் சார் சொன்னது அப்படியே உண்மை. அவர் பெயர் பிரவீன் குமார் சோப்தி. பஞ்சாப்காரர், எல்லைப் பாதுகாப்புப் படையில் இருந்தவர். 1966, 1970 இரண்டு முறையும் பாங்காக்கில் வட்டு எறிதலில் தங்கம். 1966-லேயே கிங்ஸ்டன் காமன்வெல்த் போட்டியில் சங்கிலிக்குண்டு எறிதலில் வெள்ளி. 1968 மெக்சிகோ, 1972 மியூனிக் என்று இரண்டு ஒலிம்பிக்.

எறிந்து பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். வட்டு 2 கிலோ, ஒரு கையில் பிடித்து ஒன்றரைச் சுற்றில் விட வேண்டும். சங்கிலிக்குண்டு 7.26 கிலோ, இரண்டு கையாலும் பிடித்து மூன்று நான்கு சுற்றுச் சுற்ற வேண்டும். கால் வைக்கிற முறையே வேறு. இரண்டிலும் வெளிநாட்டில் போய்ப் பதக்கம் வாங்குவது சாதாரண விஷயமா?

அப்புறம் 1990 தீபாவளிக்கு மைக்கேல் மதன காமராஜன் வந்தது. கமலுக்குப் பாதுகாவலராக அவர் வந்ததும் தியேட்டரே "பீம் பாய்" என்று கத்தியது. நான் பக்கத்து சீட் நண்பனிடம் "ஒலிம்பிக் போனவருடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவன் படத்தைப் பார்க்கவிடு என்றான்.

2020 ஊரடங்கில் மகாபாரதம் மறுபடி ஓடியபோது மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். இந்த முறை என் கண் முழுக்க அவர் கால்களில். கதாயுதத்தைச் சுழற்றும்போது முதலில் இடுப்பு திரும்பி, கை பின்னால் வருவதுபோல எனக்குத் தெரிந்தது. "கையால எறியாத, இடுப்பால எறி" என்று சார் அன்றைக்குக் கத்தியது அதைத்தான். மகளுக்கு எழுந்து நின்று செய்து காட்டினேன்.

2022 பிப்ரவரியில் டெல்லியில் தன் வீட்டில் காலமானார். வயது 74. நான் படித்த செய்தியில் பீமன் தலைப்பில் இருந்தார், தங்கப் பதக்கங்கள் கடைசிப் பத்தியில் இருந்தன. அன்றைக்கு மனசு ஆறவே இல்லை.

உங்களில் யாராவது அவர் எறிந்ததை மைதானத்தில் பார்த்திருக்கிறீர்களா? எல்லைப் பாதுகாப்புப் படையில் வேலை பார்த்தவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.