கிரவுண்ட் ரோலை எஃப்-கே வடிகட்டியால் நீக்க முடியவில்லை

திருவாரூர் பக்கம் நெல் வயல்களில் எடுத்த பழைய 2டி நில அதிர்வுத் தரவு. ஜியோஃபோன் (தரை அதிர்வைப் பதியும் கருவி) இடைவெளி 25 மீட்டர். கிரவுண்ட் ரோல், அதாவது தரையை ஒட்டி மெதுவாக ஓடும் வலுவான அலை, ஆழத்துப் பாறை அடுக்குகளிலிருந்து திரும்பும் எதிரொலிப்புகளை மூடிவிடுகிறது. எஃப்-கே வடிகட்டி (அலைகளை அதிர்வெண்ணும் சாய்வும் பார்த்துப் பிரிப்பது) போட்டால் பாதிதான் போகிறது. மீதி எதிர்ச்சாய்வில் போலிக் கோடுகளாக நிற்கிறது. மூன்று வாரமாக இதே வேலை. என்ன செய்யலாம்?

பதில் 1: அதன் வேகமும் அதிர்வெண்ணும் எவ்வளவு?

கேட்டவர்: நொடிக்கு சுமார் 300 மீட்டர், 12 ஹெர்ட்ஸ் வரை.

பதில் 2: அப்படியானால் 12 ஹெர்ட்ஸில் அலைநீளம் 25 மீட்டர். ஓர் அலைக்கு இரண்டு மாதிரியாவது வேண்டும், உங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது. 6 ஹெர்ட்ஸுக்கு மேல் எல்லாம் மடிந்து எதிர்ப்பக்கம் விழும்; உங்கள் போலிக் கோடுகள் அவைதான். வடிகட்டியைக் குறை சொல்லாதீர்கள், அதற்கு அலை சரியாகவே தெரியவில்லை. முதலில் நொடிக்கு 300 மீட்டர் வேகத்துக்கு நேர்கோட்டு நேரத்திருத்தம் (தூரத்துக்கு ஏற்ப ஒவ்வொரு பதிவையும் நேரத்தில் நகர்த்துவது) செய்து கிரவுண்ட் ரோலைத் தட்டையாக்குங்கள். அப்புறம் அதை மட்டும் கழித்துவிட்டு, திருத்தத்தைத் திரும்ப எடுத்துவிடுங்கள்.

பதில் 3: கழித்ததைத் தனியாக வரைந்து பாருங்கள். அதில் எதிரொலிப்பின் வளைவு தெரிந்தால் அதிகமாக வெட்டிவிட்டீர்கள். இந்தச் சோதனையை நான் ஒருபோதும் தவிர்ப்பதில்லை.

கேட்டவர்: செய்தேன். 1.4 நொடியில் ஒரு எதிரொலிப்பு தொடர்ச்சியாகத் தெரிகிறது! கழித்ததில் அதன் சாயல் இல்லை. மிக்க நன்றி.