மறு: ட்ரிம் பொசிஷன் சென்சார் – தமிழில் எந்தச் சொல் பொருந்தும்?

அவையோருக்கு வணக்கம்.

படகின் ஸ்டெர்ன்டிரைவில் இருக்கும் ட்ரிம் பொசிஷன் சென்சாருக்குத் தமிழ்ச் சொல் கேட்டு நான் எழுதிய மடலுக்கு மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. தருமபுரி ஐயா ‘சரிவு உணரி’ என்றும், மொழியியல் பயிற்றுவிக்கும் அம்மா ‘ஒழுங்கு நிலை உணரி’ என்றும், ஓசூர்த் தம்பி ‘தூக்கு நிலை உணரி’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். மூவருக்கும் நன்றி. கிருஷ்ணகிரி, பர்கூர்ப் பக்கத்தில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டுக் கடலோரப் படகுப் பட்டறைகளுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கான பழுதுநீக்கும் கையேட்டில் இந்தச் சொல் இடம்பெற இருப்பதால், கருவி செய்யும் வேலையை முதலில் விளக்கிவிட்டுச் சொல்லுக்கு வருகிறேன்.

ஸ்டெர்ன்டிரைவ் அமைப்பில் எஞ்சின் படகுக்குள்ளே இருக்கும்; பல்சக்கரப் பெட்டியும் சுழலியும் (புரொப்பெல்லர்) படகின் பின்பலகைக்கு வெளியே தொங்கும். 1959-இல் வால்வோ பெண்டா நிறுவனம் ‘அக்வாமேட்டிக்’ என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வெளியே தொங்கும் அந்தக் கீழ்ப்பகுதியை (டிரைவ்) இரண்டு ஹைட்ராலிக் தண்டுகள் உள்ளே இழுக்கவும் வெளியே தள்ளவும் செய்கின்றன. உள்ளே இழுத்தால் படகின் முன்பக்கம் தாழும், வெளியே தள்ளினால் முன்பக்கம் எழும். ஓட்டத்தின்போது இப்படிக் கோணத்தைக் கூட்டிக் குறைப்பதுதான் ட்ரிம். அந்தக் கோணத்தை அளந்து மீட்டருக்குச் சொல்வதுதான் ட்ரிம் பொசிஷன் சென்சார். அளவுக்கு மீறி வெளியே தள்ளினால் படகு தலையாட்டிக்கொண்டே ஓடும், சுழலி தண்ணீரைப் பற்றாமல் வீணாகச் சுற்றும்.

‘சரிவு’ எனக்குப் பிடித்த சொல்தான். ஆனால் படகு சரிந்தது என்றால் நம்மவர்கள் பக்கவாட்டில் சாய்ந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள்; ட்ரிம் முன்பின் வாக்கில் நடப்பது. ‘ஒழுங்கு’ அகராதிக்குச் சரி, பட்டறையில் அது எந்த உறுப்பையும் சுட்டாது. ‘தூக்கு’ மூன்றிலும் வேலைக்கு நெருக்கமானது, ஆனால் அதில்தான் பெரிய இடர் இருக்கிறது. வண்டியில் ஏற்றுவதற்காகவோ ஆழம் குறைந்த கரைக்கு வருவதற்காகவோ டிரைவை முழு உயரத்துக்குத் தூக்குவது தனிச் செயல். அதற்குத் தனிப் பொத்தான் உண்டு. அந்த உயரத்தில் டிரைவுக்குப் பக்கத் தாங்கல் கிடையாது என்பதால் வேகமாக ஓட்டக்கூடாது. ‘தூக்கு’ என்ற சொல்லை அந்தச் செயலுக்கு விட்டுவைப்பது நல்லது.

ட்ரிம் பொத்தானை அழுத்தும்போது டிரைவ் ட்ரிம் எல்லையைத் தாண்டித் தூக்கு உயரத்துக்குப் போகாமல் நிறுத்தும் இன்னொரு சிறு கருவி இருக்கிறது, அதுதான் ட்ரிம் லிமிட் சுவிட்சு. இரண்டையும் மாற்றிப் பிடித்துவிடுவார்களோ என்பதுதான் என் கவலை. மெர்குரூசர் என்ற பெயரில் விற்கப்படும் வகை டிரைவில் முன்னோக்கி நின்று பார்த்தால் வலப்பக்கத்தில் கோணத்தை மீட்டருக்குச் சொல்லும் சென்சாரும், இடப்பக்கத்தில் ட்ரிம் லிமிட் சுவிட்சும் இருக்கும். இரண்டும் உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்பு வட்டுகள், இரண்டுக்கும் இரண்டு வயர்கள், இரண்டும் கீல் ஊசியின் முனையில் இரண்டு திருகாணிகளால் பொருத்தப்பட்டவை. கையேட்டில் இரண்டுக்கும் தெளிவில்லாத பெயர் இருந்தால் பையன் நல்லதைக் கழற்றிவிட்டுக் கெட்டதை விட்டுவைப்பான்.

பழுதின் குறிகளோ முற்றிலும் வேறு. சென்சார் போனால் டிரைவ் வழக்கம்போல் ஏறி இறங்கும், மீட்டர் முள் மட்டும் துள்ளும், அல்லது ஒரு முனையிலேயே நின்றுவிடும். லிமிட் சுவிட்சு போனால் மீட்டர் சரியாகக் காட்டும். ட்ரிம் பொத்தானை அழுத்தினால் டிரைவ் மேலே வராது, ஆனால் முழுவதும் தூக்கும் பொத்தானுக்கு வரும். இந்த ஒரு சோதனையே பாதி வேலையை முடித்துவிடும். கோளாறு முள் காட்டுவதில்தான் என்று தெரிந்த பிறகு, எஞ்சின் அறைக்குள் சென்சாரின் இணைப்பைக் கழற்றி, மீட்டர் பக்கத்து இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்துப் பிறகு பிரிக்க வேண்டும். முள் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போனால் மீட்டரும் வயரிங்கும் நலம். அடுத்து சென்சார் பக்கத்தில் மல்டிமீட்டரை மின்தடை அளக்கும் ஓமில் வைத்து, டிரைவை அடியிலிருந்து மெல்ல மேலேற்றிப் பார்க்க வேண்டும். அளவு ஒரே திசையில் சீராக மாறாமல் நடுவில் அறுந்து அறுந்து வந்தால் உள்ளே தடைப்பாதை தேய்ந்துவிட்டது அல்லது தண்ணீர் புகுந்துவிட்டது.

மாற்றும்போது திருகாணி கழற்றுவது எளிது, வயர்தான் கடினம். அது பின்பலகையின் உள்ளே, டிரைவைக் கழற்றாமல் கை நுழைய முடியாத சந்து வழியாகப் போகிறது. அதனால் சிலர் பழைய வயரை வெளியிலேயே வெட்டி ஒட்டுப்போடுவார்கள். ஈயம் வைத்துப் பற்றி, உட்பசை உள்ள சுருங்கு குழாயால் மூடினால் அது நிற்கலாம். வெறும் டேப் சுற்றினால் செம்பு பச்சை பூத்துவிடும் என்பது என் உறுதியான கருத்து. படகு திரும்பும்போதெல்லாம் இந்த வயரும் வளைவதால் தளர்வு விட்டே கட்ட வேண்டும். கடைசியாக, டிரைவ் முழுவதும் கீழே இருக்கும்போது சாவியைத் திருப்பி, முள் அடியில் நிற்கும்வரை வட்டைச் சற்றுத் திருப்பித் திருகாணிகளை இறுக்க வேண்டும்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்து, ட்ரிம்முக்குச் ‘சாய்மானம்’ என்று முன்மொழிகிறேன். ஏணியையோ கூரையையோ எந்தக் கோணத்தில் வைக்கிறோம் என்பதற்கு நம் தச்சரும் கொத்தனாரும் வழங்கும் சொல் இது. விரும்பிக் கூட்டிக் குறைக்கும் கோணம் என்ற பொருள் அதில் இயல்பாகவே இருக்கிறது. ஆகவே சென்சார் ‘சாய்மான நிலை உணரி’, லிமிட் சுவிட்சு ‘சாய்மான வரம்புச் சுவிட்சு’, முழு உயரத்துக்கு ஏற்றுவது ‘தூக்கு’. ‘நிலை உணரி’ என்ற பின்பகுதி ஓசூர் இருசக்கர வண்டி மெக்கானிக்குகளுக்கும் உதவும். அவர்கள் டி.பி.எஸ். என்று சொல்லும் த்ராட்டில் சென்சாரும் பெரும்பாலும் இதே சுழல் தடை முறையில்தான் (திரும்பும் அளவுக்கேற்ப மின்தடை மாறும் முறை) வேலை செய்கிறது. அதை ‘த்ராட்டில் நிலை உணரி’ என்று எழுதினால் இரண்டும் ஒரே குடும்பம் என்பது படிக்கும்போதே தெரியும்.

ஸ்டெர்ன்டிரைவுக்கு ஒகேனக்கல் பரிசல்காரர்களிடம் சொல் கேட்கலாமே என்று தருமபுரி ஐயா எழுதியிருந்தார். பரிசல் வட்டமானது, அதற்கு முன்னும் பின்னும் இல்லை. எனவே அங்கே கிடைப்பது அரிது. கடற்கரையில் படகின் முன்பக்கத்தை அணியம் என்றும் பின்பக்கத்தை அமரம் என்றும் சொல்கிறார்கள். அதை எடுத்து ‘அமர இயக்கி’ என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் ‘அமர’ என்பதை உட்கார என்று படித்துவிடும் குழப்பம் வருமா என்பதைக் கடலோர மாவட்ட உறுப்பினர்கள் சொல்ல வேண்டும். அதுவரை கையேட்டில் ஸ்டெர்ன்டிரைவ் என்றே இருக்கும். மற்ற மூன்று சொற்களுக்கும் மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.