கிளிநொச்சி, முல்லைத்தீவு பிரதேச சபைகளுக்கு விவரத்திரட்டு: ஆலோசகரை எடுக்க முன் ரிஓஆரில் (பணி விதிமுறையில்) என்ன திருத்த வேண்டும்?

பனங்கூடல் கேட்டது:

வணக்கம். கரைச்சி, பச்சிலைப்பள்ளி, புதுக்குடியிருப்பு, கரைதுறைப்பற்று ஆகிய நாலு பிரதேச சபைகளோடும் ஒரு மூன்று வருடத் திட்டம் தொடங்க இருக்கிறோம். சந்தை, வீதி விளக்கு, கழிவகற்றல், நூலகம் போன்ற சபைச் சேவைகளுக்குச் சிறு நிதி, உத்தியோகத்தருக்குப் பயிற்சி. அதற்கு முன் சபைக்கு ஒன்றாக விவரத்திரட்டு வேண்டும்: போரில் எதை இழந்தது, எவ்வளவு மீண்டிருக்கிறது, இப்போது எதைக் கொண்டு நடத்த வலு இருக்கிறது என்று. அதற்குத்தான் ஆலோசகர்.

கையில் இருக்கும் ரிஓஆர் வரைவு: தனிநபர் ஆலோசகர், 30 வேலை நாள், சபைக்கு 40 பக்கம், ஆங்கில அறிக்கை, கொடுப்பனவு முதலில் பாதி, முடிவில் பாதி. உள்ளடக்கம் என்ற இடத்தில் "சமூக, பொருளாதார, ஆட்சி நிலைமைகள்" என்று ஒரே ஒரு வரி. விளம்பரம் போட முன் எதைத் திருத்த வேண்டும்? ஆளை எப்படித் தெரிவு செய்வது?

---

ஏ9வழி:

முதலில் அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள். அதை நம்பி வரும் ஆலோசகர் மாவட்டப் புள்ளிவிபரக் கைநூலைத் திறந்து மழைவீழ்ச்சி, நெற்காணிப் பரப்பு, பாடசாலை எண்ணிக்கை எல்லாம் போட்டு 40 பக்கத்தை நிரப்பித் தருவார். நெல்லும் பாடசாலையும் சபையின் பொறுப்பில் இல்லை. அந்த அறிக்கையை வைத்து நீங்கள் ஒரு முடிவும் எடுக்க முடியாது. எடுக்கப்போகும் முடிவுகளையே கேள்வியாக எழுதுங்கள்: எந்தச் சேவைக்குப் பணம் போடலாம், சபை தன் பங்காக எவ்வளவு போடும், போட்ட பிறகு பராமரிக்க ஆளும் காசும் இருக்கிறதா, எந்தக் கிராமம் சேவைக்கு வெளியே கிடக்கிறது. நாலு கேள்வி போதும்.

அடுத்தது எல்லை. ஆகக் கூடுதலாகப் பிழைப்பது இங்கேதான். புள்ளிவிபரம் பிரதேச செயலகப் பிரிவுப்படி வரும், சபையின் எல்லை அதோடு எப்போதும் ஒத்துப்போகாது. கிளிநொச்சியில் பிரதேச செயலகப் பிரிவு 4, பிரதேச சபை 3. கரைச்சி பிரதேச சபைக்குள் கரைச்சிப் பிரிவும் கண்டாவளைப் பிரிவும் அடங்குகின்றன. கைநூலில் "கரைச்சி" என்ற நிரையை மட்டும் எடுத்தால் 42 கிராம அலுவலர் பிரிவுகள்தான் வரும். கண்டாவளையின் 16 பிரிவும், தருமபுரம் உட்பட, காணாமல் போய்விடும். அதே நேரம் வருமானமும் செலவும் 58 பிரிவுக்குமான சபைக் கணக்கிலிருந்து வரும். தலைக்கு இவ்வளவு வருமானம், குடும்பத்துக்கு இத்தனை விளக்கு என்று பிறகு போடும் கணக்கு முழுக்கப் பிழைக்கும். முல்லைத்தீவில் பிரதேச செயலகப் பிரிவு 6, சபை 4. ஆகவே முதல் ஒப்படைப்பே ஓர் அட்டவணையாக இருக்கட்டும்: சபை, வட்டாரம், கிராம அலுவலர் பிரிவு, பிரதேச செயலகம். அது சரியென்று உறுதியான பிறகுதான் வேறு எந்த எண்ணும்.

மூன்றாவது, "மீட்சி" என்றால் எந்த ஆண்டோடு ஒப்பிட்டு என்று ரிஓஆரிலேயே சொல்லிவிடுங்கள். 2001 குடிசன மதிப்பீட்டை இந்த இரண்டு மாவட்டங்களிலும் முழுமையாக நடத்த முடியவில்லை. 1981க்குப் பிறகு முதல் முழுக் கணக்கெடுப்பு 2012இல்தான். கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல், ஆகவே 1981 எண்கள் யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் கிடக்கின்றன, பிரித்தெடுக்க வேண்டும். 2012இல் கிளிநொச்சி 113,510 பேர், முல்லைத்தீவு 92,238 பேர். கிராம அலுவலரின் குடும்பப் பதிவு வேறு எண் காட்டும், ஏனென்றால் பதிவு இங்கே இருக்க ஆள் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருப்பது வழக்கம். இரண்டையும் ஒரே நிரலில் கலக்கவே கூடாது. கணக்கெடுப்புக்கு ஒரு நிரல், பதிவுக்கு ஒரு நிரல், ஒவ்வொன்றுக்கும் ஆண்டு.

கரைதுறைப்பற்றுக்கு இன்னொன்றும் உண்டு. அந்தக் கரையை 2004 சுனாமி அடித்தது. அழிந்த கட்டடம் எல்லாவற்றையும் போர்க் கணக்கில் போட்டால் கொடையாளருக்குப் பிழையான படம் போகும்.

---

நிலுவைக்கணக்கு:

ஏ9வழி எழுதியது எல்லாம் சரி. நான் காசுப் பக்கத்தைச் சொல்கிறேன், சபையின் வலு அங்கேதான் தெரியும்.

ஐந்து வருடக் கணக்குக் கேளுங்கள், 2020 முதல் 2024 வரை. வருமானத்தை இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒன்று சபை தானாகத் திரட்டுவது: ஆதனவரி, வியாபார உரிமக் கட்டணம், சந்தைக் குத்தகை, கடை வாடகை, கட்டட அனுமதிக் கட்டணம். மற்றது மேலிருந்து வருவது: சம்பள மீளளிப்பு (ஊழியரின் சம்பளத்துக்கு அரசு தரும் காசு), முத்திரை வரி, நீதிமன்றத் தண்டப்பணம், திட்ட நிதி. மொத்தத்தை மட்டும் பார்த்தால் எல்லாச் சபையும் வளர்ந்ததுபோலத்தான் தெரியும். சம்பள மீளளிப்பைக் கழித்த பிறகு மிஞ்சுவதைப் பாருங்கள்.

ஆதனவரிக்கு ஒரே எண் போதாது, மூன்று வேண்டும்: அந்த வருடம் விதித்தது, அந்த வருடம் அறவிட்டது, முந்திய நிலுவை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 134ஆம் பிரிவின்படி அபிவிருத்தியடைந்ததாகப் பிரகடனம் செய்த பகுதியில்தான் ஆதனவரி விதிக்கலாம். எந்தப் பகுதி பிரகடனமானது, கடைசியாக மதிப்பீடு செய்தது எப்போது என்று கேட்காத ஆலோசகர் "வரி அறவீடு குறைவு, விழிப்புணர்வு தேவை" என்று எழுதிவிட்டுப் போவார். காரணம் பழைய மதிப்பீடாக இருக்கலாம், உறுதிப்பத்திரம் இல்லாத காணியாக இருக்கலாம், வரி அறவிடும் உத்தியோகத்தர் வெற்றிடமாக இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

ஆளணிக்கு அங்கீகரிக்கப்பட்ட எண்ணிக்கை, இப்போது கடமையில் இருப்பவர், இணைப்பில் வேறு அலுவலகத்துக்கு வேலைக்குப் போனவர் என்று மூன்று நிரல். கடமையில் இருப்பவருக்குள் நிரந்தரம் எத்தனை, அமையம் (தற்காலிகம்) எத்தனை என்றும் பிரிக்க வேண்டும்.

சொத்துப் பதிவேட்டைப் பார்த்தால் மட்டும் போதாது, பொருளைக் கண்ணால் பார்க்க வேண்டும். உழவு இயந்திரம் ஓடுகிறதா, கடைசியாக டீசல் அடித்த பற்றுச்சீட்டு எப்போது, மலக்கழிவு பவுசர் மாதத்துக்கு எத்தனை முறை வெளியே போகிறது. போருக்குப் பிறகு நெல்சிப்பிலும் (உலக வங்கி நிதியில் நடந்த வடக்கு கிழக்கு உள்ளூராட்சிச் சேவை மேம்பாட்டுத் திட்டம்) வேறு திட்டங்களிலும் கட்டிய சந்தை, நூலகம், பொது மண்டபம் என்று சபைகளின் பொறுப்பில் நிறைய இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கட்டிய ஆண்டு, யார் நிதி, இப்போது திறந்திருக்கிறதா, மாத மின்கட்டணம், கிடைக்கும் வாடகை. பூட்டியிருந்தால் காரணம் ஒரு வரியில். நீங்கள் அடுத்த கட்டடத்துக்குக் காசு கொடுக்கலாமா என்பதற்கு இந்த ஒரு பக்கமே விடை சொல்லும்.

வீதிக்கும் அப்படித்தான். ஏ9 வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது, சில வீதிகள் மாகாணத்துக்கு, மிச்சம் சபைக்கு. யாருடையது என்று பிரிக்காமல் "வீதிகள் பழுதடைந்துள்ளன" என்றால் சபைக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

இன்னொன்று, ஆண்டுகளை ஒப்பிடும்போது யார் நிர்வகித்தது என்று குறிப்பு வேண்டும். 2018 பெப்ரவரியில் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது, அடுத்த தேர்தல் 2025 மே 6. இடைப்பட்ட காலத்தில் உத்தியோகத்தர்தான் நடத்தினார்கள். புதுக்குடியிருப்பிலும் கரைதுறைப்பற்றிலும் 2011 தேர்தல் நடக்கவே இல்லை. அங்கே போருக்குப் பிந்திய முதல் தெரிவு 2018தான். கூட்ட அறிக்கைகளைப் படிக்கும்போது இது தெரியாவிட்டால், சபை திடீரென்று முடிவெடுப்பதை நிறுத்திவிட்டதுபோல இருக்கும்.

---

பனங்கூடல்:

மிக்க நன்றி இருவருக்கும். அப்படியென்றால் 30 நாள் காணாது என்று விளங்குகிறது. எத்தனை நாள் போடலாம்? ஒருவரா, குழுவா? ஆங்கில அறிக்கை தலைமை அலுவலகம் கேட்பது, அதை என்ன செய்வது?

---

சேறும்சகதியும்:

நாள் கணக்கு: தொடக்க அறிக்கைக்கும் எல்லை அட்டவணைக்கும் 5. சபைக்கு ஆவணம் 2, களம் 5, எழுத்து 3 என்று 10, நாலு சபைக்கு 40. சரிபார்ப்புக் கூட்டம் 4. இறுதித் திருத்தம் 5. ஆக 54 வேலை நாள், நாட்காட்டியில் நாலு மாதம். இருவர் வேண்டும்: ஒருவர் உள்ளூராட்சிக் கணக்கு வாசிக்கத் தெரிந்தவர், மற்றவர் கிராமத்தில் இருந்து கதைக்கத் தெரிந்தவர். குறைந்தது ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும், பெண் தலைமைக் குடும்பங்கள் அதிகம் உள்ள கிராமங்களில் அது இல்லாமல் வேலை நடக்காது. இருவரும் தமிழில் படித்து எழுத வேண்டும். சபையின் கூட்ட அறிக்கையும் பதிவேடும் தமிழில்தான் இருக்கின்றன. மூலம் தமிழில் சபைக்கு 12 பக்கமும் 2 பக்கச் சுருக்கமும். ஆங்கிலம் மொழிபெயர்ப்பு, அதற்கு விலைப்பட்டியலில் தனி வரி. கட்டணம், போக்குவரத்து, மொழிபெயர்ப்பு மூன்றும் தனித்தனியே வந்தால்தான் விண்ணப்பங்களை ஒப்பிடலாம்.

தெரிவில் தொழில்நுட்ப முன்மொழிவுக்கு 80 புள்ளி, விலைக்கு 20. தொழில்நுட்பத்தில் 70 வீதத்துக்குக் கீழே எடுத்தவரின் விலை உறையைத் திறக்க வேண்டாம். சுயவிவரத்தை மட்டும் வைத்துத் தெரிவு செய்தால் பெரிய பெயர் வரும், வேலையை உதவியாளர் செய்வார். ஆகவே கடைசி மூன்று பேருக்கும் நாலில் இல்லாத வேறொரு சபையின் பாதீட்டிலிருந்து ஒரே இரண்டு பக்கத்தைக் கொடுத்து, இரண்டு மணித்தியாலத்தில் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். சம்பள மீளளிப்பைப் பிரித்துப் பார்த்தவர் யார் என்று அப்போதே தெரிந்துவிடும். களத்துக்குப் போகும் ஆட்களின் பெயரை ஒப்பந்தத்தில் போட்டு, மாற்றினால் எழுத்தில் உங்கள் சம்மதம் வேண்டும் என்று எழுதுங்கள்.

பாதி, பாதி கொடுப்பனவு ஆபத்து. 15 வீதம் தொடக்க அறிக்கைக்கு. பிறகு ஒரு சபையை மட்டும் முடித்துத் தரட்டும், பச்சிலைப்பள்ளி 18 கிராம அலுவலர் பிரிவோடு சிறியது, அதில் தொடங்கலாம். அதை ஏற்ற பிறகு 25. மற்ற மூன்றின் வரைவுக்கு 35. இறுதி அறிக்கையும் எக்செல் கோப்பும் வந்த பிறகு 25. எக்செல்லில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் மூலம், ஆண்டு, எல்லை அலகு என்று மூன்று கலம் இருக்க வேண்டும். கோப்பு சபைக்கும் உங்களுக்கும் சொந்தம் என்று ஒப்பந்தத்திலேயே போடுங்கள்.

---

முகமாலையடி:

களம் பற்றி யாரும் சொல்லவில்லை, அதைச் சேர்க்கிறேன்.

உள்ளூராட்சித் திணைக்களத்தின் உதவி ஆணையாளருக்கும் சபைச் செயலாளருக்கும் கடிதம், மாவட்டச் செயலகத்தின் சம்மதம். இவை ஒப்பந்தம் கையெழுத்தாக முன் உங்கள் நிறுவனத்தின் பெயரில் போக வேண்டும். ஆலோசகரின் தலையில் கட்டினால் முதல் மூன்று கிழமை அதிலேயே போய்விடும். கொடுக்காத ஆவணத்துக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஆனால் வேலை செய்யப்போகும் சபையிடம் முதல் நாளே அந்தப் படிவத்தை நீட்ட வேண்டாம், முதலில் நேரே கேளுங்கள்.

பச்சிலைப்பள்ளியில் முகமாலைப் பக்கம் போக முன் தேசிய மிதிவெடி செயற்பாட்டு மையத்தின் தற்போதைய வரைபடத்தை எடுக்க வேண்டும். போன வருட வரைபடம் உதவாது, பாதுகாப்புக்கும் உதவாது, அறிக்கைக்கும் உதவாது. காணிக்கு ஒரு தனிப் பக்கம் வைக்கச் சொல்லுங்கள்: மிதிவெடி அகற்றாதது, படையினர் வசமுள்ளது, வனத்திணைக்களம் எல்லைக்கல் போட்டது, விடுவித்தும் ஆட்கள் திரும்பாதது. கேப்பாப்புலவு போன்ற இடங்களில் ஒரே கிராமத்துக்குள்ளேயே விடுவித்த காணியும் விடுவிக்காத காணியும் உண்டு. சபை அங்கே வரி எடுக்கவும் முடியாது, வீதி போடவும் முடியாது. அந்தத் தாக்கம் எண்ணாக வர வேண்டும்.

"மக்கள்" என்று ஒரே கட்டாக எழுத விடவேண்டாம். மலையகத்திலிருந்து 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு வந்து குடியேறி இன்னும் காணி உறுதி இல்லாதவர்கள், 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுத் திரும்பிவரும் முல்லைத்தீவு முஸ்லிம்கள், கரையோர மீனவர், வயற்பக்கத்துக் குடியேற்றத்திட்டக் குடும்பங்கள் எல்லோருக்கும் சபைச் சேவை ஒரே அளவில் போவதில்லை. எந்தக் கிராமங்களுக்குப் போகப் போகிறார் என்ற பட்டியலைத் தொடக்க அறிக்கையிலேயே கேட்டு, இவர்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள்.

உரையாடலில் காணாமல் ஆக்கப்பட்டோர், முன்னாள் போராளி, யார் யாரோடு இருந்தது என்ற கேள்வி ஒன்றும் வேண்டாம். சபை விவரத்திரட்டுக்கு அது தேவையில்லை, கேட்டால் அந்த வீட்டுக்கு விசாரணை வரக்கூடும். ஒலிப்பதிவு வேண்டாம். பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம் குறிப்புப் புத்தகத்தில் இருக்கக் கூடாது, கிராமத்தின் பெயரும் பெண்ணா ஆணா என்பதும் போதும். மே நடுப்பகுதியையும் நவம்பர் கடைசியையும் களத்துக்கு ஒதுக்காதீர்கள். நினைவுகூரல் காலம், கண்காணிப்பும் கூட. நவம்பர், டிசம்பர் மழையில் உள்வீதி பாதி மூடியிருக்கும்.

சரிபார்ப்புக் கூட்டத்துக்குப் பத்து நாள் முன் எண் அட்டவணையை மட்டும், வியாக்கியானம் இல்லாமல், செயலாளரிடம் கொடுக்க வேண்டும். கூட்டத்தில் பதிவேட்டோடு ஒவ்வொரு நிரையாகப் பாருங்கள். ஒத்துவராததை அழிக்காமல் "சபையின் எண்", "ஆலோசகரின் எண்" என்று இரண்டையும் போட்டுவிடுங்கள். தவிசாளரும் எதிர்த்தரப்பு உறுப்பினர்களும் ஒரே மேசையில் இருக்கட்டும், ஒரு தரப்பு மட்டும் பார்த்த அறிக்கையை மறுதரப்பு ஏற்காது.

சபை அடுத்த வருடப் பாதீட்டை டிசம்பருக்குள் நிறைவேற்ற வேண்டும், தயாரிப்பு அதற்கு முன்பே தொடங்கிவிடும். உங்கள் நிதிக்கு ஈடாகச் சபையும் பங்கு போட வேண்டுமென்றால் அந்தத் தொகை பாதீட்டில் ஒரு வரியாக ஏற வேண்டும். ஆகவே இறுதி அறிக்கை செப்டெம்பர் நடுப்பகுதிக்குள் செயலாளர் கையில் இருக்கும்படி பின்னோக்கிக் கணக்குப் போட்டு, ஒப்பந்தத்தை ஏப்ரல் கடைசிக்குள் கையெழுத்திடுங்கள்.