நிரலில் தேதி: 2024-03-04ஆ, 04-மார்ச்-2024ஆ?

செழியன்:
03/04/2024 என்பது அமெரிக்கருக்கு மார்ச் 4, பிரிட்டன்காரருக்கு ஏப்ரல் 3. நாள் 12-ஐத் தாண்டாதவரை எர்ரரே வராது. தப்பான தேதி சத்தமில்லாமல் டேட்டாபேஸில் உட்கார்ந்துவிடும். 13 வந்ததும்தான் புரோகிராம் விழும். 1988-லேயே தேதி எழுதுவதற்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 8601 வந்தாயிற்று: ஆண்டு, மாதம், நாள். ஸ்ட்ரிங்காக (வெறும் எழுத்துத் தொடராக) வரிசைப்படுத்தினாலே கால வரிசை கிடைக்கும். இன்னும் எதற்குச் சாய்கோடு?

மதிவாணி:
சாய்கோடு வேண்டாம், சரி. ஆனால் மாதத்தை எழுத்தில் எழுதினால்தான் யாருக்கும் குழப்பம் வராது. உங்கள் வடிவத்தை எல்லா இடத்திலும் நம்ப முடியாது. மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வரில், தேதியைச் சேமிக்கும் பழைய டேட்டைம் வகையில், லாகின் மொழி பிரிட்டிஷ் இங்கிலீஷ் என்றிருந்தால் 2024-03-04 ஏப்ரல் 3 ஆகிவிடும்.

செழியன்:
அது அந்த வகையின் கோளாறு. டேட், டேட்டைம்2 வகைகளில் வராது. பழையதை மாற்ற வழியில்லை என்றால் இடைக்கோட்டை எடுத்துவிட்டு 20240304 என்று கொடுங்கள். அதுவும் ஐஎஸ்ஓ வடிவம்தான். மாதப் பெயரோ லோகேலை, அதாவது கணினியின் மொழி, நாடு அமைப்பைப் பொறுத்தது. ஆங்கில ‘டிசம்பர்’ ஜெர்மன் லோகேலில் பார்ஸ் ஆகாது (புரோகிராமால் தேதியாகப் படிக்க முடியாது), அங்கே அது ‘டெட்செம்பர்’. திரையில் காட்டும்போது எழுத்தில் காட்டுங்கள், சேமிக்கும்போது வேண்டாம்.

கார்முகில்:
இருவருமே டைம்சோனை விட்டுவிட்டீர்கள். ஜாவாஸ்கிரிப்டில் 2024-03-04 என்று மட்டும் கொடுத்தால் யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். நியூயார்க்கில் அது மார்ச் 3, இரவு 7 மணி. அதோடு நேரத்தைச் சேர்த்து ஆஃப்செட்டை (யூடிசியிலிருந்து எத்தனை மணி வித்தியாசம் என்பதை) விட்டால் லோக்கல் நேரமாகிவிடும். அதனால் நேரம் எழுதினால் கடைசியில் +00:00 கட்டாயம். அதற்குப் பதில் ‘இசட்’ போடலாம், ஆனால் பைத்தான் 3.11-க்கு முந்தைய பதிப்புகளில் தேதியைப் படிக்கும் ஃப்ரம்ஐஎஸ்ஓஃபார்மட் ஃபங்ஷன் அதை ஏற்காது.

மதிவாணி:
இவ்வளவு தொல்லை எதற்கு? 1970 தொடக்கத்திலிருந்து கடந்த நேரத்தை எண்ணும் யூனிக்ஸ் எண்ணாகவே, 1709510400 என்று வைத்துவிடலாமே.

கார்முகில்:
அது செகண்டா, மில்லிசெகண்டா? எண்ணில் எழுதியிருக்காது. அதே எண்ணை மில்லிசெகண்டாக எடுத்தால் 1970 ஜனவரி 20-க்குப் போய்விடும். லாக் ஃபைலைப் படிப்பவருக்கும் அது வெறும் எண். தவிர, பிறந்த தேதிக்கு நேரமே கிடையாது. அதை நொடியாக்கினால் டைம்சோன் மாறும்போது ஒரு நாள் நகரும்.

செழியன்:
ஒன்று விட்டுப்போயிற்று. ஜாவா ஃபார்மட்டில் ஆண்டுக்கு நான்கு சின்ன ‘ஒய்’ போடுங்கள். பெரிய ‘ஒய்’ வாரக் கணக்கிலான ஆண்டு, அதாவது அந்த வாரம் எந்த ஆண்டைச் சேர்ந்ததோ அது. 2024 டிசம்பர் 30-ஐ 2025-12-30 என்று அச்சடிக்கும். வருடம் முழுக்கச் சரியாக ஓடிவிட்டுக் கடைசி நாட்களில் மட்டும் தப்பும். அந்தத் தேதியை டெஸ்டில் சேர்த்துவிடுங்கள்.